வீட்டு வரி: அந்தத் தொகை எங்கிருந்து வருகிறது?

சொந்த வீடு வாங்கியவர்கள் வீட்டுக் கடன் வட்டியைப் புள்ளி சுத்தமாகச் சொல்வார்கள். இந்த முறை கரண்ட் எத்தனை யூனிட் ஓடியது என்பதும் நினைவிருக்கும். சொத்து வரியை எப்படிக் கணக்குப் போட்டார்கள் என்று கேட்டால் மட்டும், "கார்ப்பரேஷன்ல போட்டாங்க, கட்டுறோம்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். எதிர்வீட்டுத் தம்பி போன வாரம் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். "அண்ணே, பக்கத்து வீடும் என் வீடும் ஒரே அளவுதான். அவருக்கு மட்டும் ஏன் குறைவா இருக்கு?" நல்ல கேள்வி. நின்றபடி பதில் சொல்ல முடியாத கேள்வியும்கூட. டீ வைக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். அவரிடம் சொன்னதை இன்னும் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டு நகரங்களில் சொத்து வரி, உங்கள் வீடு இன்று என்ன விலைக்குப் போகும் என்பதன் மேல் போடப்படுவதில்லை. வழிகாட்டி மதிப்புக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் நியாயமாக என்ன கிடைக்கும் என்று உள்ளாட்சி அமைப்பு ஒரு தொகையை மதிப்பிட்டு வைத்திருக்கிறது. நீங்களே அதில் குடியிருந்தாலும் சரி, பூட்டி வைத்திருந்தாலும் சரி, வரிக்கு அடிப்படை அந்த மதிப்பீட்டு வாடகைதான். அதிலிருந்து வருவது 'ஆண்டு மதிப்பு'. ஆண்டு மதிப்பில் இத்தனை விழுக்காடு என்பது வரி. ரசீதில் கடைசித் தொகை மட்டுமே பளிச்சென்று தெரிகிறது. அதற்குப் பின்னால் இருக்கும் நாலைந்து எண்களை நாம் கேட்பதே இல்லை. தப்பு நடந்தால் அங்கேதான் நடந்திருக்கும்.

சென்னையின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பழைய சென்னை மாநகராட்சிப் பகுதியில் 1998-இல் நடந்த பொதுச் சீராய்வு நெடுங்காலம் அடிப்படையாக இருந்தது. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சதுர அடிக்கு மாதம் இவ்வளவு என்று அடிப்படை வீதம் வைத்தார்கள். குடியிருப்புக்கு அது 60 பைசாவிலிருந்து 2 ரூபாய் 40 பைசா வரை இருந்தது. கடை, அலுவலகம் என்றால் அதைவிடப் பல மடங்கு.

பெரம்பூரில் 900 சதுர அடி வீடு ஒன்று இருக்கிறது, அந்தத் தெருவின் வீதம் 1 ரூபாய் 50 பைசா என்று வைத்துக்கொள்வோம். 900-ஐ 1.50-ஆல் பெருக்கினால் 1,350 ரூபாய். இதுதான் மாத வாடகை மதிப்பு. இன்றைக்கு அந்தப் பக்கத்தில் இந்த வாடகைக்கு ஓர் அறைகூடக் கிடைக்காது என்பது உங்களுக்கே தெரியும். உரிமையாளரே குடியிருந்தால் இதில் 25 விழுக்காடு கழிவு உண்டு. மிச்சம் 1,012 ரூபாய் 50 பைசா. கட்டடம் நாலு ஆண்டைத் தாண்டியிருந்தால் ஆண்டுக்கு ஒரு விழுக்காடு வீதம், அதிகபட்சம் 25 விழுக்காடு வரை தேய்மானக் கழிவும் உண்டு. நம் வீட்டுக்கு 10 விழுக்காடு என்று வைத்தால் 911 ரூபாய் 25 பைசா வரும்.

இதை ஆண்டுக் கணக்காக்க 12-ஆல் பெருக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். மாநகராட்சி 10.92-ஆல் பெருக்குகிறது. முதன்முதலில் பார்ப்பவர்களுக்கு இந்த எண் விளங்கவே விளங்காது. விஷயம் இதுதான்: 12 மாத வாடகையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1.2 மாதம், மனைக்கு உரியதாகக் கொள்ளப்படுகிறது. மீதி 10.8 மாதம் கட்டடத்துக்கு. கட்டடம் என்றால் வெள்ளையடிக்க வேண்டும், ஒழுகினால் அடைக்க வேண்டும். அந்தப் பராமரிப்புக்காக 10.8-இல் பத்து விழுக்காட்டைத் தள்ளிவிடுகிறார்கள். 9.72 மிஞ்சுகிறது. மனைக்குப் பராமரிப்புச் செலவு கிடையாது என்பதால் அந்த 1.2-ஐ அப்படியே திருப்பிச் சேர்க்கிறார்கள். ஆக 10.92. அந்த இரண்டு தசம இலக்கத்துக்குள் ஒரு நியாயம் உட்கார்ந்திருக்கிறது. இதை ரசீதின் பின்பக்கத்தில் நாலு வரியில் அச்சடித்துக் கொடுத்தால் பாதிப் பேரின் சந்தேகம் தீர்ந்துவிடும்.

911.25-ஐ 10.92-ஆல் பெருக்கினால் ஆண்டு மதிப்பு ஏறத்தாழ 9,951 ரூபாய். ஆண்டு மதிப்பு 5,000 ரூபாயைத் தாண்டிய வீடுகளுக்கு அரையாண்டு வரி, எல்லாம் சேர்த்து 12.4 விழுக்காடு. அதாவது 1,234 ரூபாய். இதே வீட்டை வாடகைக்கு விட்டதாகப் பதிவாகியிருந்தால் அந்த 25 விழுக்காட்டுக் கழிவு இல்லை. அப்போது வரி 1,645 ரூபாய். சுவர் அதே சுவர், தெரு அதே தெரு. ஒரே ஒரு பதிவு மாறியதில் 400 ரூபாய் வித்தியாசம். தம்பியின் வீட்டில் முன்பிருந்தவர் வெளியூரில் இருந்துகொண்டு வாடகைக்கு விட்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் கட்டிய நாளிலிருந்து அங்கேயே இருக்கிறார். பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது.

இனி 2022-க்கு வருவோம். 1998-க்குப் பிறகு சென்னையின் பழைய பகுதியிலும், 2008-க்குப் பிறகு மற்ற நகரங்களிலும் பொதுச் சீராய்வு நிலைக்கவில்லை. 2018 ஜூலையில் ஓர் உயர்வு வந்தது. 2019 நவம்பரில் அது நிறுத்தி வைக்கப்பட்டு, கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அடுத்தடுத்த அரையாண்டுகளில் சரிக்கட்டப்பட்டது. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச வீதத்தை அறிவிக்க வேண்டும், மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாக வசூலும் வளர வேண்டும் என்று 15-ஆவது நிதி ஆணையம் நிபந்தனை வைத்தது. இல்லாவிட்டால் நகரங்களுக்கான மானியம் வராது. அதன்படி 2022 ஏப்ரலில் அரசு உயர்வை அறிவித்தது. சென்னையின் பழைய பகுதியில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 50 விழுக்காடு, 601 முதல் 1,200 வரை 75, 1,201 முதல் 1,800 வரை 100, அதற்கு மேல் 150. 2011-இல் சென்னையோடு சேர்ந்த அம்பத்தூர் போன்ற பகுதிகளிலும், மற்ற மாநகராட்சி, நகராட்சிகளிலும் அதே நான்கு அடுக்குக்கு முறையே 25, 50, 75, 100 விழுக்காடு. நம் பெரம்பூர் வீட்டின் 1,234 ரூபாய் இப்படித்தான் 2,159 ஆனது.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, அந்த அடுக்கு. வருமான வரியில் வரம்பைத் தாண்டிய தொகைக்கு மட்டும்தான் கூடுதல் விகிதம். இங்கே வரம்பை ஓர் அடி தாண்டினாலும் மொத்த வரிக்கும் கூடுதல் விகிதம்தான். மதுரையிலோ கோவையிலோ பழைய அரையாண்டு வரி 1,600 ரூபாயாக இருந்த வீடு 1,200 சதுர அடி என்று பதிவாகியிருந்தால் 2,400 ஆகியிருக்கும். 1,205 என்று பதிவாகியிருந்தால் 2,800. அந்த ஐந்து சதுர அடி உண்மையிலேயே இருக்கிறதா, அளந்தவர் நாடாவைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்ததால் வந்ததா என்பது ஆண்டுக்கு 800 ரூபாய்க் கேள்வி. வரம்பை ஒட்டி உங்கள் பரப்பு இருந்தால் மறு அளவீடு கேட்பதில் தயக்கமே வேண்டாம். ஆனால் அளக்கும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: வரிக்கு எடுப்பது வெளிச்சுவரையும் சேர்த்த பிளின்த் ஏரியா. அறைக்குள் நாடாவைப் பிடித்து வரும் கார்பெட் ஏரியாவை அதோடு ஒப்பிட்டால் எப்போதும் குறைவாகத்தான் தெரியும்.

இரண்டாவதுதான் முக்கியம். உயர்வு பழைய வரியின் மேல் விழுக்காடாக வருகிறது. அடியில் இருக்கும் மதிப்பீடு பிசகியிருந்தால், ஒவ்வோர் உயர்விலும் அந்தப் பிசகும் சேர்ந்தே வளரும். 400 ரூபாயாக இருந்த வித்தியாசம் 75 விழுக்காடு உயர்வுக்குப் பிறகு 700 ரூபாயைத் தாண்டிவிட்டது. பிறகு ஆண்டுக்கு 6 விழுக்காடு உயர்வு என்ற ஏற்பாடும் வந்தது. சென்னை மாநகராட்சி மன்றம் 2024 செப்டம்பரில் அதற்குத் தீர்மானம் போட்டது. ஆண்டு தவறாமல் 6 விழுக்காடு ஏறினால் 12 ஆண்டில் தொகை இரட்டிப்பாகும். இப்படிச் சிறுகச் சிறுக ஏறுவது, 24 ஆண்டு சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் தலையில் இறங்குவதைவிட எவ்வளவோ மேல் என்பதுதான் என் கருத்து. பென்ஷனில் வாழும் ஒரு முதியவருக்கு ஆண்டுதோறும் நூறு ரூபாய் கூடுவதைத் தாங்க முடியும். திடீரென்று ஏறத்தாழ இரண்டு மடங்கு கேட்டால் முடியாது. ஆனால் இந்த ஏற்பாடு நியாயமாக இருக்க வேண்டுமானால், தெரு வீதமும் பரப்பளவும் முதலில் சரியாக இருந்தாக வேண்டும். வேலை அங்கே தொடங்கியிருக்க வேண்டும்.

கட்டும் தேதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. முதல் 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 30-க்குள்ளும் கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். தவணை கடந்தால் மாதம் 1 விழுக்காடு தனி வட்டி. இரண்டு தேதியையும் காலண்டரில் வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னைவாசிகள் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று உண்டு. குடிநீர் வாரியத்தின் பில்லைப் பார்த்துவிட்டு, "சொத்து வரிதான் கட்டிட்டேனே, இது என்ன?" என்பார்கள். அது வேறு அமைப்பு, வேறு வரி. ஆனால் அடிப்படை ஒன்றுதான். மாநகராட்சி போட்ட அதே ஆண்டு மதிப்பில் 7 விழுக்காடு. அதில் ஒன்றரை விழுக்காடு குடிநீருக்கு, ஐந்தரை விழுக்காடு கழிவுநீருக்கு. தண்ணீருக்கான மாதக் கட்டணம் இதற்கு மேல் தனி. ஆண்டு மதிப்பில் பிசகு இருந்தால் இரண்டு இடத்திலும் நீங்கள் கூடுதலாகக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். ஓர் இடத்தில் திருத்தினால் அந்த உத்தரவின் நகலை அடுத்த இடத்துக்கும் கொண்டுபோக வேண்டும். தானாக மாறிவிடும் என்று காத்திருக்க வேண்டாம்.

கிராமத்தில் வீடு இருப்பவர்களுக்குக் கணக்கு எளிது. அங்கே இதன் பெயரே வீட்டு வரி. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின்கீழ், வீட்டின் வகையையும் பரப்பையும் பார்த்து ஊராட்சி வரி போடுகிறது. தொகை சின்னதாக இருக்கும். சின்னத் தொகைதானே என்று பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஊராட்சிகளின் வீட்டு வரிக்கு ஈடாக மாநில அரசு இணை மானியம் தருகிறது. நீங்கள் கட்டும் ரூபாய்க்குத் துணையாக இன்னொரு ரூபாய் வருகிறது. தெரு விளக்கில் பல்பு மாற்றுவதும் மேல்நிலைத் தொட்டியைக் கழுவுவதும் அந்தப் பணத்தில்தான். கிராமசபையில் எழுந்து நின்று கேட்கும்போது, கட்டிய ரசீது கையில் இருந்தால் குரலுக்குத் தனி உறுதி வரும்.

வீடு வாங்கப் போகிறவர்கள் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பார்கள், பட்டாவைப் பார்ப்பார்கள். வரி ரசீதில் பெயர் பொருந்துகிறதா என்பதோடு விட்டுவிடுவார்கள். பாக்கியையும் பாருங்கள். சொத்து வரி நிலுவை சொத்தின் மேலேயே நிற்கும் பாக்கி. விற்றவர் கணக்கை முடிக்காமல் போனால் அறிவிப்பு உங்கள் வாசலுக்குத்தான் வரும். சென்னையில் மதிப்பீட்டு எண் மண்டலம், கோட்டம், பில் எண், உப எண் என்ற வரிசையில் இருக்கும். 07 என்று தொடங்கினால் அம்பத்தூர் மண்டலம். அந்த எண்ணை மாநகராட்சி இணையதளத்தில் போட்டால் நிலுவை தெரிந்துவிடும். அடுக்குமாடி என்றால் உங்கள் ஃபிளாட்டுக்குத் தனி எண் இருக்கிறதா, பில்டர் பெயரில் ஒரே எண்ணாகக் கிடக்கிறதா என்பதைப் பத்திரத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பத்திரம் முடிந்ததும் பட்டா மாற்றம் வேறு, வரிப் பெயர் மாற்றம் வேறு. முன்னது வருவாய்த் துறை, பின்னது உள்ளாட்சி. ஒன்றைச் செய்தால் மற்றது தானாக முடிந்துவிட்டது என்று நினைத்துப் பத்து ஆண்டு இறந்துபோனவர் பெயரிலேயே வரி கட்டுகிற குடும்பங்கள் உண்டு. அதே நேரத்தில், வரி ரசீது உங்கள் பெயரில் இருப்பதாலேயே வீடு உங்களுடையது ஆகிவிடாது. உரிமைக்கு ஆதாரம் பத்திரம். பங்காளித் தகராறில் ரசீதுக் கட்டை மட்டும் நம்பி நீதிமன்றம் போகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படும்.

இவ்வளவும் எதற்கு? வரி போடுவது யார், அந்தப் பணம் எங்கே போகிறது என்ற கேள்வி மதராஸுக்கு மிகப் பழையது. 1680-களில் கறுப்பர் நகரத்துக்கு மதில் கட்ட வேண்டும் என்று கிழக்கிந்தியக் கம்பெனி வீடுகள் மேல் வரி போட்டபோது மக்கள் எதிர்த்து நின்றார்கள். ஊராரின் பிரதிநிதிகளும் உட்காரும் ஒரு சபை வரி கேட்டால் தருவார்கள் என்ற எண்ணமும் சேர்ந்துதான் 1688 செப்டம்பர் 29 அன்று மதராஸ் கார்ப்பரேஷன் தொடங்கியது. இன்றும் குப்பை அள்ளுவது, மழைநீர் வடிகாலைத் தூர்வாருவது, தெரு விளக்கு என்று நம் வாசலில் நடக்கும் வேலைகளுக்கு உள்ளாட்சியின் சொந்த வருமானத்தில் முதுகெலும்பு இந்த வரிதான். வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியும் போகிறது. 1948-இல் வந்த மதராஸ் பொது நூலகச் சட்டத்தின் கொடை அது. நம் ஊர் கிளை நூலகத்தில் ஒரு மாணவி போட்டித் தேர்வுக்கு உட்கார்ந்து படிக்கிறாள் என்றால், அந்த நாற்காலியில் உங்கள் வீட்டுப் பணமும் இருக்கிறது. புத்தகம் வரவில்லை, மின்விசிறி ஓடவில்லை என்றால் கேட்கும் உரிமையும் உங்களுக்கு இருக்கிறது.

வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வாடகை வருமானத்துக்கு வருமான வரி கணக்கிடும்போது, அந்த ஆண்டில் நீங்கள் உண்மையில் கட்டிய சொத்து வரியை முதலில் கழித்துக்கொள்ளலாம். மிச்சத்தில்தான் 30 விழுக்காட்டுக் கழிவு. மார்ச் 31-க்குள் பணம் போயிருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. ஏப்ரலில் கட்டினால் அடுத்த ஆண்டுக்குப் போய்விடும்.

சரி, கணக்கில் பிசகு இருப்பதாகத் தோன்றினால் என்ன செய்வது? முதலில் மதிப்பீட்டுக் கணக்குத் தாளைக் கேளுங்கள். பரப்பு, தெரு வீதம், பயன்பாடு, குடியிருப்பவர் உரிமையாளரா வாடகைதாரரா, கட்டடத்தின் வயது, இந்த ஐந்தும் அதில் இருக்கும். மண்டல அலுவலகத்தில் வருவாய்ப் பிரிவில் கேட்டுத் தரவில்லை என்றால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு போடலாம். பிறகு உங்கள் கையில் இருப்பதோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். அனுமதி பெற்ற வரைபடத்தில் பரப்பு இருக்கிறது. மின் இணைப்பு வீட்டுக் கட்டண விகிதத்தில் இருந்தால் பயன்பாட்டுக்கு அதுவே சான்று. நீங்களே குடியிருப்பதற்கு ஆதாரும் ரேஷன் கார்டும் போதும். முன்பக்கம் ஒரு சின்ன மளிகைக் கடை இருந்து, முழு வீட்டுக்கும் வணிக வீதம் போட்டிருந்தால், கடை எத்தனை சதுர அடி, வீடு எத்தனை சதுர அடி என்று பிரித்துப் படம் வரைந்து கொடுங்கள். கடைக்கு மட்டும் வணிக வீதம், மற்றதற்குக் குடியிருப்பு வீதம் என்று கேட்பது உங்கள் உரிமை. அதே போல, மாடியில் ஓர் அறை கட்டி இதுவரை சொல்லாமல் இருந்தால் அதையும் சொல்லிவிடுவது நல்லது. இப்போது ட்ரோன் படம் வைத்துப் பார்க்கிறார்கள். அவர்களே கண்டுபிடித்தால் பழைய பாக்கியோடு சேர்த்து வரும்.

மனுவை ஆணையர் பெயருக்கு எழுதி, மதிப்பீட்டு எண்ணைத் தலைப்பிலேயே போட்டு, எந்த எண் தப்பு, சரியான எண் எது, அதற்கு என்ன ஆதாரம் என்று மட்டும் எழுதுங்கள். 'வரி ரொம்ப அதிகம்' என்று எழுதும் மனு மேசையிலேயே கிடக்கும். 'பரப்பு 1,205 அல்ல, 1,188. வரைபட நகல் இணைப்பு' என்று எழுதும் மனுவுக்கு யாராவது நாடாவை எடுத்துக்கொண்டு வந்துதான் ஆக வேண்டும். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். பதில் திருப்தி தரவில்லை என்றால் மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது, அதற்குக் காலக்கெடுவும் இருக்கிறது. எனவே அறிவிப்பு கையில் கிடைத்த தேதியைக் கவரின் மேலேயே குறித்து வையுங்கள். மனு நிலுவையில் இருக்கிற காலத்திலும் வரியைக் கட்டி வாருங்கள். கட்டாவிட்டால் வட்டி ஏறும். கூடுதலாகக் கட்டியது பின்னால் உறுதியானால், 2019-இல் செய்ததுபோல வரப்போகும் அரையாண்டுகளில் அதைக் கழித்துக்கொள்ளச் சொல்லி அதே மனுவிலேயே கேட்டுவிடலாம்.